காருக்கு எப்போ அப்டேட் வரும்? மின்சார கார் உரிமையாளர்கள் காத்திருப்பது பரிசுக்கா, பாக்கிக்கா?

‘உங்களுக்கு வந்துடுச்சா?’

மின்சார கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் மைலேஜ், சார்ஜிங் செலவுக்கு அடுத்து வரும் கேள்வி இதுதான். புது மாடல் பற்றிய விசாரிப்பு அல்ல இது. ஏற்கெனவே வாங்கி, வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு வரவேண்டிய சாஃப்ட்வேர் அப்டேட் பற்றியது. ஒருவருக்கு நேற்று இரவே வந்துவிட்டது. அதே மாதம் அதே மாடல் வாங்கிய இன்னொருவர், மூன்று வாரமாகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

போனில் அப்டேட் வருவது நமக்குப் பழகிவிட்டது. சரியில்லை என்றால் திட்டிவிட்டு அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருப்போம். ஆனால் இது 20 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கி, குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகும் வண்டி. அதன் பிரேக், பேட்டரி, சார்ஜிங் வேகம் எல்லாம் ஓர் இரவில் மாறலாம் என்றால், மாற்றுவது யார், யாருக்காக மாற்றுகிறார்கள், பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

ஓ.டி.ஏ. அப்டேட் என்றால் என்ன?

‘ஓவர் தி ஏர்’ என்பதன் சுருக்கமே ஓ.டி.ஏ. சர்வீஸ் சென்டருக்குப் போகாமல், காருக்குள் இருக்கும் சிம் அல்லது வீட்டு வைஃபை மூலமாகவே புதிய மென்பொருள் இறங்கிக்கொள்ளும். 2012-ல் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் எஸ் கார்தான் இந்த முறையைப் பரவலாகப் பேசவைத்தது. இன்று மஹிந்திரா, டாடா தொடங்கி தூத்துக்குடியில் ஆலை அமைத்திருக்கும் வின்ஃபாஸ்ட் வரை மின்சார கார் விற்கும் நிறுவனங்கள் ‘ஓ.டி.ஏ. உண்டு’ என்பதை ஒரு வசதியாகவே சொல்லி விற்கின்றன.

ஆனால் எல்லா ஓ.டி.ஏ.வும் ஒன்றல்ல. இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, நடுவில் இருக்கும் பெரிய திரைக்கானது. மேப், பாட்டு, போன் இணைப்பு, திரையின் தோற்றம் போன்றவை மாறும். இதில் கோளாறு வந்தால் எரிச்சல் வரும், ஆனால் கார் ஓடும்.

இரண்டாவது வகை, காரின் உள் உறுப்புகளுக்கானது. பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்பு, மோட்டாருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் இன்வெர்ட்டர், பிரேக், ஸ்டியரிங் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கட்டுப்பாட்டுக் கணினிகள் உண்டு. அவற்றின் நிரலை மாற்றும்போது கார் ஓடும் விதமே மாறுகிறது. எனவே ‘ஓ.டி.ஏ. உண்டு’ என்று ஷோரூமில் சொன்னால், ‘திரைக்கு மட்டுமா, பேட்டரிக்கும் பிரேக்குக்குமா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதிலைப் பொறுத்து அந்த வசதியின் மதிப்பே வேறு.

பக்கத்து வீட்டுக்கு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை?

காத்திருப்பவர்களை அதிகம் கடுப்பேற்றும் விஷயம் இதுதான். பெரும்பாலும் இது பாரபட்சம் இல்லை, முன்னெச்சரிக்கை.

எந்த நிறுவனமும் புதிய மென்பொருளை எல்லா கார்களுக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. முதலில் தங்கள் ஊழியர்களின் கார்கள், பிறகு சிறிய எண்ணிக்கையில் வாடிக்கையாளர்கள், சிக்கல் இல்லை என்று தெரிந்தால் படிப்படியாக மற்றவர்கள். தவறு இருந்தால் ஒரு சிறு பகுதியோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இந்த எச்சரிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 நவம்பரில் அமெரிக்காவின் ரிவியன் நிறுவனத்துக்கு நடந்ததே சாட்சி. தவறான பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட மென்பொருள் தொகுப்பு கைதவறி வெளியே போய்விட்டது. அது போய்ச் சேர்ந்த கார்களில் திரைகள் முடங்கின. வண்டி ஓடியது, ஆனால் திரையில் எதுவும் இல்லை. நிறுவனம் அனுப்புவதை உடனே நிறுத்தியதால் பாதிப்பு சுமார் 3 சதவீத கார்களோடு நின்றது. மொத்தமாக அனுப்பியிருந்தால்?

ஒரே மாடலாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப், சென்சார், பேட்டரி தயாரிப்புக் காலத்தைப் பொறுத்து மாறியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இதுவும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

ஒரே இரவில் மேம்பட்ட பிரேக்

ஓ.டி.ஏ.வுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மிகப் பிரபலமான உதாரணம் 2018-ல் நடந்தது. அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ அமைப்பு டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தது. மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கி.மீ. வேகத்தில் போய் பிரேக் பிடித்தபோது கார் நிற்க 152 அடி ஆனது. இது மோசமான அளவு என்று சொல்லி, அந்தக் காரைப் பரிந்துரைக்க மறுத்தது. சில நாட்களில் டெஸ்லா ஓர் அப்டேட் அனுப்பியது. மறுபடி சோதித்தபோது 133 அடியில் நின்றது. 19 அடி குறைவு, ஒரு கார் நீளத்துக்கும் அதிகம். சர்வீஸ் சென்டர் போகாமல், ஒரு திருகுகூட மாற்றாமல் இது நடந்தது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸும் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

இதைப் பலரும் தொழில்நுட்ப அற்புதமாகச் சொல்வார்கள். இன்னொரு கோணமும் உண்டு. அந்த 19 அடி, கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே இருந்திருக்க வேண்டியது அல்லவா? அதுவரை அந்தக் காரை ஓட்டியவர்கள் குறைவான பிரேக்கோடுதான் ஓட்டியிருக்கிறார்கள். அப்போ, வந்தது பரிசா, பழுது நீக்கமா?

இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு அப்டேட்டிடமும் கேட்க வேண்டும். உண்மையில் வருவது நான்கில் ஒன்றாக இருக்கும்:

- பழுது நீக்கம்: ஏற்கெனவே இருந்த குறையைச் சரிசெய்வது.
- பாக்கி: விற்கும்போது தருவதாகச் சொன்னதைத் தாமதமாகத் தருவது.
- பரிசு: சொல்லாத, எதிர்பார்க்காத ஒரு மேம்பாட்டைத் தருவது.
- பறிப்பு: இருந்த ஒன்றைக் குறைப்பது.

நிறுவனங்களின் அறிவிப்புகளில் முதல் மூன்றும் ஒரே குரலில் ‘புதிய அனுபவம்’ என்றே வரும். நான்காவது பெரும்பாலும் ‘பேட்டரியின் ஆயுளைப் பாதுகாக்க’ போன்ற ஒரு வரிக்குள் இருக்கும்.

இந்தியாவில் பரிசுக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 2023 தொடக்கத்தில் நெக்ஸான் இ.வி. மேக்ஸ் காரின் சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 437 கி.மீ.யிலிருந்து 453 கி.மீ. ஆக உயர்த்தப்படுவதாக டாடா அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் மென்பொருள் மூலம் அதைத் தந்தது. ஆனால் அதற்கு வாடிக்கையாளர்கள் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கொடுத்த கை எடுக்கவும் செய்யும்

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவை இர்மா புயல் நெருங்கியபோது, அங்கிருந்து வெளியேறும் சில டெஸ்லா உரிமையாளர்களின் கார்களுக்குத் திடீரென்று கூடுதல் ரேஞ்ச் கிடைத்தது. காரணம், அந்தக் கார்களில் பெரிய பேட்டரியே பொருத்தப்பட்டிருந்தது. குறைந்த விலைக்கு விற்றதால் ஒரு பகுதியை மென்பொருளால் பூட்டி வைத்திருந்தார்கள். புயலுக்காகத் தற்காலிகமாகப் பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அன்று தெரிந்துபோனது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே சாவி எதிர்ப்பக்கம் திரும்பியது. 2019-ல் ஹாங்காங், ஷாங்காய் நகரங்களில் நின்றிருந்த டெஸ்லா கார்கள் தீப்பிடித்தன. அதன் பிறகு மே மாதம் ஓர் அப்டேட் வந்தது. அதை ஏற்றிய மாடல் எஸ் கார்கள் சிலவற்றில் பேட்டரி முழுமையாக ஏறும் உச்ச அளவு குறைந்தது. ரேஞ்சும் குறைந்தது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021-ல் 15 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்ட 1,743 கார்களுக்கும் தலா 625 டாலர் என்பது ஏற்பாடு. பின்னர் வந்த அப்டேட்டுகளில் குறைத்த அளவு படிப்படியாகத் திருப்பித் தரப்பட்டது.

பாதுகாப்புக்காகக் குறைத்ததில் தவறு இல்லை என்று வாதிடலாம். பிரச்னை குறைத்தது மட்டும் அல்ல. எவ்வளவு குறையும், எத்தனை நாளைக்கு, ஏன் என்பதைத் தெளிவாகச் சொல்லி உரிமையாளரின் சம்மதம் வாங்கவில்லை என்பதுதான்.

அப்டேட்டே பிரச்னையானால்?

திரை முடங்குவதோடு நின்றால் பரவாயில்லை. 2025 ஜூனில் வெளியான வோல்வோ விவகாரம் அதைவிட கவலை தருவது. ஒரு குறிப்பிட்ட மென்பொருள் பதிப்பு ஏற்றப்பட்ட வோல்வோவின் சில மின்சார, பிளக்-இன் ஹைபிரிட் கார்களில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும் முறையைத் தேர்வு செய்து, பிரேக்கைத் தொடாமல் 1 நிமிடம் 40 விநாடிக்கு மேல் இறக்கத்தில் உருண்டு வந்தால், அதன் பிறகு பிரேக் வேலை செய்யாமல் போக வாய்ப்பு இருந்தது. அமெரிக்காவில் மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுக்கப்பட்டது. ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கி வந்தவர்களுக்கு, 1 நிமிடம் 40 விநாடி இறக்கம் எவ்வளவு சாதாரணம் என்று தெரியும்.

கோளாறை மென்பொருளே உண்டாக்கியது, தீர்வும் மென்பொருளாகவே வந்தது. எனவேதான் ‘திரும்ப அழைப்பு’ என்ற சொல்லே இப்போது குழப்பமாகிவிட்டது. 2023 டிசம்பரில் ஆட்டோபைலட் எச்சரிக்கை முறைக்காக அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் அதிகமான டெஸ்லா கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுக்கப்பட்டது. ஆனால் ஒரு கார்கூட சர்வீஸ் சென்டருக்குத் திரும்ப வரவேண்டியிருக்கவில்லை. தீர்வு ஓ.டி.ஏ. வழியாகவே போனது. ‘இதைப் போய் ரீகால்னு சொல்றாங்களே’ என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெயர் முக்கியம். அப்படிப் பதிவானால்தான் குறை என்ன, எத்தனை கார்கள், எப்போது தெரிந்தது என்பதெல்லாம் பொதுவெளிக்கு வரும். இல்லையென்றால் பிரேக் கோளாறும் ‘சில மேம்பாடுகள்’ என்ற ஒரு வரியில் போய்விடும்.

‘அப்புறம் அப்டேட்டில் வரும் சார்’

காத்திருப்பின் இன்னொரு பக்கம் இது. முடியாத பொருளை விற்றுவிட்டு, மீதியைப் பிறகு அனுப்புவது.

ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 கார் ஐரோப்பாவில் 2020 செப்டம்பரில் டெலிவரி ஆகத் தொடங்கியபோது, முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்கு ஒரு வாய்ப்பு தரப்பட்டது: இரண்டு வசதிகள் இல்லாமல் இப்போதே எடுத்துக்கொள்ளலாம், அவை அடுத்த ஆண்டு வரும், அல்லது காத்திருக்கலாம். காற்று வழி அப்டேட் தொடங்கியது 2021 கோடையில்தான். பெருமையாக விளம்பரம் செய்த ஓ.டி.ஏ. வசதிக்கே முதல் வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அது கார் அல்ல, ஸ்கூட்டர். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே உள்ள ஆலையில் தயாராகும் ஓலா எஸ்1 ப்ரோ, 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. டிசம்பரில் டெலிவரி தொடங்கியபோது க்ரூஸ் கன்ட்ரோல், ஹில் ஹோல்ட், நேவிகேஷன் போன்றவை அதில் இல்லை. க்ரூஸ் கன்ட்ரோலும் நேவிகேஷனும் 2022 ஜூனில் வந்த மூவ் ஓ.எஸ். 2 அப்டேட்டிலும், ஹில் ஹோல்ட் அந்த ஆண்டு இறுதியில் மூவ் ஓ.எஸ். 3-லும் வந்தன. அறிவிப்பில் அவை ‘புதிய வசதிகள்’. பணம் கட்டிக் காத்திருந்தவருக்கு அவை பாக்கி.

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் ஷோரூம் திறந்து, மாடல் ஒய் காரை 59.89 லட்சம் ரூபாயிலிருந்து விற்கத் தொடங்கியது. ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ வேண்டும் என்றால் அப்போது கூடுதலாக 6 லட்சம் ரூபாய் கேட்டது. பெயர் அப்படி இருந்தாலும் அது ஓட்டுநரின் கண்காணிப்பு தேவைப்படும் அமைப்புதான், தானே ஓடும் கார் அல்ல. எதிர்காலத்தில் வரக்கூடிய மென்பொருளுக்கு முன்கூட்டியே கேட்ட முழுப் பணம் அது.

வாக்குறுதி தந்த நிறுவனமே இல்லாமல் போனால்? அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு தாக்கல் செய்தது. அதன் ஓஷன் கார்களை வாங்கியவர்கள், இனி மென்பொருளை யார் பராமரிப்பது என்று தெரியாமல், தாங்களே சங்கம் அமைத்து வழி தேட வேண்டியதாயிற்று. பெட்ரோல் கார் நிறுவனம் மூடினால் உதிரிபாகம்தான் பிரச்னை, மெக்கானிக் எப்படியாவது ஓட்டிவிடுவார். இங்கே சர்வர் நின்றால், நல்ல நிலையில் இருக்கும் காரே முடமாகிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா.வின் கீழ் உருவான வாகன விதி எண் 156, மென்பொருள் அப்டேட்டுகளுக்கானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். அப்டேட் ஏற்றும் முன்பு அது எதற்காக, என்ன மாறும், எவ்வளவு நேரமாகும் என்பதை உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். பாதியில் தோற்றால் கார் பழைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ திரும்ப வேண்டும். இந்தியாவிலும் இதை ஒட்டியே ஏ.ஐ.எஸ்.-190 என்ற தர வரையறை உருவாக்கப்பட்டுள்ளது.

ஆனால் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்புவது, அப்டேட் தோல்வியடைந்தால் மட்டுமே. வெற்றிகரமாக ஏறிய அப்டேட் உங்களுக்குப் பிடிக்கவில்லை, ரேஞ்ச் குறைந்துவிட்டது என்றால் ‘பழையதையே கொடு’ என்று கேட்கும் உரிமையை இந்த விதி தரவில்லை.

இந்தியாவில் கைகொடுக்கும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திரும்ப அழைப்பு விதிகள், ‘குறைபாடு’ என்பதில் வாகனம், உதிரிபாகத்தோடு மென்பொருளையும் சேர்த்திருக்கின்றன. சாலைப் பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறையாக இருக்க வேண்டும். வாகனம் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வாஹன் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் விசாரணை வரும். கட்டாயத் திரும்ப அழைப்பு உத்தரவானால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆபத்து இல்லை, ஆனால் சொன்ன வசதி வரவில்லை என்றால்? அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்கீழ் நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம். அங்கே வேண்டியது ஆதாரம். ‘ஷோரூமில் சொன்னாங்க’ என்பது போதாது. விளம்பரம், பிரசுரம், பதிவுப் படிவம், மின்னஞ்சல் என ஏதாவது எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்டேட் வந்தாச்சு... எப்படி மதிப்பிடுவது?

ஏற்றிய மறுநாளே ‘பிக்கப் கூடிடுச்சு’ என்பார் ஒருவர், ‘ரேஞ்ச் போச்சு’ என்பார் இன்னொருவர். இரண்டுமே உணர்வாக இருக்கலாம். சரிபார்க்கச் சில எளிய வழிகள்:

- முன்பே பதிவு செய்யுங்கள். ஏற்றும் முன் மென்பொருள் பதிப்பு எண், ஓடிய கிலோமீட்டர், முழு சார்ஜில் காட்டும் ரேஞ்ச், அப்டேட் குறிப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். இது இல்லாமல் பிறகு எதையும் ஒப்பிட முடியாது.
- திரை காட்டும் ரேஞ்சை மட்டும் நம்ப வேண்டாம். அது சமீபத்திய ஓட்டத்தை வைத்துப் போடும் கணக்கு. அப்டேட்டில் அந்தக் கணக்கு முறையே மாறியிருக்கலாம். அதனால் எண் குறைந்தாலே பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கூடினாலே மேம்பட்டது என்றும் அர்த்தம் இல்லை.
- செலவான மின்சாரத்தைக் கணக்கிடுங்கள். 40 யூனிட் பேட்டரியில் 50 சதவீதம் செலவழித்து 130 கி.மீ. ஓடினால், 20 யூனிட்டுக்கு 130 கி.மீ., அதாவது யூனிட்டுக்கு 6.5 கி.மீ. அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் இந்த எண்ணை ஒப்பிடுங்கள்.
- ஒரே பாதை, ஒரே நிலைமை. அதே சாலை, அதே வேகம், அதே டயர் காற்று, அதே ஏசி அளவு. மார்ச்சில் ஓட்டியதையும் மே மாத வெயிலில் ஓட்டியதையும் ஒப்பிட்டால் அப்டேட்டைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு முறை போதாது, மூன்று நான்கு முறை பாருங்கள்.
- சார்ஜிங் நேரம். அதே வேக சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம்? ரேஞ்ச் மாறாமல் சார்ஜிங் வேகம் மட்டும் குறைந்திருக்கவும் கூடும்.
- பயணத்துக்கு முந்தைய இரவு ஏற்ற வேண்டாம். ஏறும்போது கார் ஓடாது. ஏதாவது சிக்கல் என்றால் வெளியூர் சாலையைவிட வீட்டு வாசலே மேல். மறுநாள் பக்கத்துத் தெருவில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சோதித்துவிட்டு வெளியே எடுங்கள்.
- பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். புதிய வசதிக்கான அப்டேட் என்றால் ஒரு வாரம் பொறுத்து, மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏற்றலாம். திரும்ப அழைப்பு, பேட்டரி வெப்பம், பிரேக் பற்றியது என்றால் உடனே ஏற்றிவிடுவது நல்லது.

வாங்கப் போகிறவர்களுக்கு

2024 நவம்பரில் மஹிந்திரா தன் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ மின்சார கார்களை அறிமுகப்படுத்தியது சென்னையில்தான். இனி வரும் மின்சார கார்கள் பெரும்பாலும் இப்படி மென்பொருளை மையமாக வைத்தே வடிவமைக்கப்படும். டெஸ்ட் டிரைவ் போகும்போது திரையில் மங்கலாக, ‘விரைவில்’ என்ற குறிப்போடு சில வசதிகள் தென்பட்டால், அவற்றின் மதிப்பை இன்றைக்குப் பூஜ்யம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். அவை இல்லாமலும் இந்த விலைக்கு இந்தக் கார் சரியா? ஆமாம் என்றால் வாங்கலாம். அந்த வசதிக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், எந்த மாதத்துக்குள் வரும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அதுவே பதில்.

எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் இலவசம், இணையச் சந்தா முடிந்தால் ஓ.டி.ஏ. தொடருமா, காரை மறுவிற்பனை செய்தால் வாங்கிய வசதிகள் அடுத்த உரிமையாளருக்குப் போகுமா என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம்.

அப்டேட் வருவது நல்லதுதான். மூன்று ஆண்டு பழைய கார், வாங்கிய நாளைவிட நன்றாக ஓடுவது பெட்ரோல் கார்களில் நடக்காத விஷயம். ஆனால் அடுத்த முறை திரையில் ‘புதிய அப்டேட் தயார்’ என்று வரும்போது, சம்மதம் என்று அழுத்துவதற்கு முன் கீழே இருக்கும் குறிப்பை முழுதாகப் படியுங்கள். வந்திருப்பது பழுது நீக்கமா, பாக்கியா, பரிசா, பறிப்பா? ஏற்றிய பிறகு பெரும்பாலும் திரும்பிப் போக வழி இல்லை.